கண்ணாடி வெயில்

லவ்டேல் ரயில் நிலையத்தில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, கற்பூர மரங்களுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் கொஞ்ச தூரம் மூச்சு வாங்க ஏறினால் நாம் குடியிருக்கும் வீடு வரும். வெள்ளைக்காரர் காலத்து வீடு. கட்டினவர் குளிருக்குப் பயந்தவராக இருந்திருக்க வேண்டும். வீட்டின் முன்புறம் முழுவதும் தரையிலிருந்து கூரை வரையில் கண்ணாடி பதித்து ஒரு வராந்தா அமைத்திருக்கிறார். வெளியே நீலகிரியின் ஊதற்காற்று எலும்பைத் துளைக்கும்போது உள்ளே உட்கார்ந்தால் கும்பகோணத்துச் சித்திரை மாதம் போல் இதமாக இருக்கும். எதிரே லாரன்ஸ் பள்ளிக்கூடத்துக் கட்டிடமும் அதன் கோபுரமும் மூடுபனியில் மறைவதும் தெரிவதுமாகக் கண்ணாமூச்சி விளையாடும். வீட்டைப் பார்க்க வந்த அன்று இந்த வராந்தாவில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் வாடகைக்குச் சம்மதித்தோம். அதே வராந்தாவினால் ஒரு சங்கடம் விளையும் என்று அப்போது நமக்குத் தெரியவில்லை.

கும்பகோணத்திலிருந்த நமது அத்தையை அழைத்து வந்தது அதற்கு அடுத்த வருஷம். அத்திம்பேர் காலமானபின் அத்தை தனியாக இருந்தாள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. "அந்தக் குளிரில் என்னைக் கொண்டுபோய்ப் போட்டு விறைக்க வைக்கப் போகிறாயா?" என்றுதான் முதலில் கேட்டாள். வந்து பார்த்தபின் கண்ணாடி வராந்தா அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. காலையில் காப்பி சாப்பிட்டதும் பிரம்பு நாற்காலியில் அமர்ந்தால், கம்பளிச் சால்வையும் காலுறையும் சகிதமாகச் சாயங்காலம் வரை அங்கேதான். வெயில் நகர நகர நாற்காலியும் நகரும். கும்பகோணத்தில் மாசி பங்குனியில் மொட்டைமாடியில் வடாம் இட்டுக்கொண்டு, காக்கை ஓட்டிக்கொண்டு, பகல் முழுவதும் உச்சி வெயிலில் நின்றவள் இங்கே நிம்மதியாக வெயில் காய்கிறாள் என்று நாம் எண்ணிப் பூரித்தோம். மூன்று வருஷம் இப்படியே கழிந்தது.

மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், பாசி பிடித்த படிக்கட்டில் அத்தை வழுக்கி விழுந்தாள். முழங்காலுக்குக் கீழேயுள்ள பெரிய எலும்பு முறிந்துவிட்டது. அவள் விழுந்ததென்னவோ இரண்டே படிதான். இரண்டு படி உயரத்திலிருந்து விழுந்ததற்கு எலும்பு ஏன் முறிய வேண்டும் என்று அப்போதே யோசித்திருக்கலாம். நாம் யோசிக்கவில்லை. வயதாகிவிட்டது, முறிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டோம்.

ஆஸ்பத்திரியில் எலும்பை நேர்படுத்தி மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அதன்பின் யோசனைகள் வந்து குவியத் தொடங்கின. எலும்பு முறிந்தவர் வீட்டுக்கு வெறுங்கையுடன் வருகிறவர் உண்டு. யோசனை இல்லாமல் வருகிறவர் நம் நாட்டில் கிடையாது. கீழ் வீட்டுக்காரர் பிரண்டைத் துவையல் அரைத்துக் கொண்டுவந்தார். அதைத் தின்று அத்தைக்கு நாக்கு அரித்ததுதான் மிச்சம். ஒருவர் ஆட்டுக்கால் ரசத்தைச் சிபாரிசு செய்தார். பிறந்தது முதல் சைவமாயிருக்கும் அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் அப்புறம் வரவேயில்லை. வேறொருவர் புத்தூருக்கு அழைத்துப் போய்க் கட்டுப் போடாவிட்டால் கால் கோணிவிடும் என்று பயமுறுத்தினார். நாம் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டு மாதங்களை எண்ணினோம்.

மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். முறிந்த இடத்தில் வெண்மையாக ஒரு திரள் தெரியவேண்டும். அதுவே புது எலும்பு. படத்தில் ஒரு மங்கலான நிழல்தான் தெரிந்தது. நடுவே முறிவுக் கோடு நேற்று முறிந்தது போலப் பளிச்சென்றிருந்தது.

அன்று படத்தைப் பார்த்தவர் இளம் பெண் டாக்டர் ஒருவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு எலும்பைப் பற்றி ஒன்றும் பேசாமல், "பாட்டி வெயிலில் உட்காருவதுண்டா?" என்று கேட்டார்.

"நாள் முழுவதும்!" என்றோம் பெருமையோடு.

"எங்கே?"

"கண்ணாடி வராந்தாவில்."

டாக்டர் சிரித்தார். "சார், அந்த வெயில் பாட்டியின் சால்வைக்கு நல்லது. எலும்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று சொல்லிவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் முடிவு வந்தது. ரத்தத்தில் வைட்டமின் டி ஒரு மில்லி லிட்டருக்கு ஆறு நானோகிராம். இருபதாவது இருக்கவேண்டும் என்றும், பன்னிரண்டுக்குக் கீழே போனால் எலும்புக்குக் கெடுதல் என்றும் சொன்னார்.

கண்ணாடியின் சமாசாரம் இதுதான். சூரிய வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும், உடம்புக்குத் தெரியும் உஷ்ணமும் இருக்கின்றன. இவற்றோடு இரண்டுக்கும் தெரியாத ஊதா கடந்த கிரணங்களும் வருகின்றன. அவற்றிலே ஒரு பகுதி நமது தோலில் படும்போது, தோலிலுள்ள ஒரு வகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டி ஆக மாறுகிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி ஒளியையும் உஷ்ணத்தையும் உள்ளே விட்டு, இந்தக் குறிப்பிட்ட கிரணங்களை மாத்திரம் வெளியே நிறுத்திவிடுகிறது. அத்தை மூன்று வருஷம் வெயிலின் சூட்டை அனுபவித்தாள். சத்தை அனுபவிக்கவில்லை. அவளைச் சுற்றிலும் வெயில் கொட்டிக் கிடந்ததனால் நமக்கும் சந்தேகம் தோன்றவில்லை. இருட்டறையில் இருந்திருந்தால் ஒருவேளை தோன்றியிருக்கும்.

இந்த வெயில் இரகசியத்தை மனிதன் கண்டுபிடித்த விதம் சுவாரஸ்யமானது. தியோபால்ட் பாம் என்பவர் ஜப்பானில் பாதிரியாகவும் வைத்தியராகவும் இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பினார். ஜப்பானில் தாம் காணாத ஒன்றைத் தம் சொந்த நாட்டில் கண்டார். புகையும் மூட்டமும் கவிந்த நகரங்களில் ஏழைக் குழந்தைகளின் கால்கள் வில்லாக வளைந்திருந்தன. கீழ்நாடுகளிலிருந்த மற்றப் பாதிரிகளுக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். எங்கே வெயில் குறைவோ அங்கே இந்த நோய் அதிகம் என்று 1890-ல் எழுதினார். அதை அப்போது அதிகம் பேர் லட்சியம் செய்யவில்லை. 1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர், எலும்பு மெலிந்த குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் முன் கிடத்திக் குணப்படுத்தினார். அதே சமயத்தில் லண்டனில் மெல்லன்பி என்பவர் நாய்க்குட்டிகளுக்கு இந்த நோயை வரவழைத்து, காட் மீன் எண்ணெய் கொடுத்து நீக்கிக் காட்டினார். ஒருவர் வெளிச்சம் என்கிறார், மற்றவர் எண்ணெய் என்கிறார். எது உண்மை?

இரண்டும் உண்மை என்று காட்டியவர் ஒரு பெண்மணி. முதல் உலக யுத்தம் முடிந்து வியன்னா நகரம் பட்டினியில் கிடந்தபோது, ஹாரியட் சிக் என்னும் ஆங்கில விஞ்ஞானி தம் தோழிகளுடன் அங்கே ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். 1919 முதல் 1922 வரையில் அங்கே அவர்கள் செய்த சோதனைகளில், எண்ணெய் கொடுத்த குழந்தைகளும் பிழைத்தன. வெயிலில் கிடத்திய குழந்தைகளும் பிழைத்தன. அமெரிக்காவில் மக்காலம் என்பவர் 1922-ல் எண்ணெயிலிருந்த அந்தச் சத்தைத் தனியே இனம் கண்டு, வரிசையில் நான்காவதாக வந்தபடியால் 'டி' என்று பெயரிட்டார். மெல்லன்பியின் நாய்க்குட்டிகள் வெளியே விடப்படாமல் வீட்டுக்குள்ளேயே வளர்க்கப்பட்டவை என்பது கவனிக்கத்தக்கது. அவற்றைத் தெருவில் ஓடவிட்டிருந்தால் அவருக்கு நோயே கிடைத்திராது!

நம் நாட்டிலும் இந்த விஷயத்தைக் கண்ணால் கண்டவர்கள் உண்டு. காச்மீரத்தில் வைத்தியம் செய்த டாக்டர் காதலீன் வாகன் என்ற பெண்மணி, பர்தாவில் அடைபட்ட ஸ்திரீகளின் இடுப்பெலும்பு மெலிந்து சுருங்கிப் பிரசவம் மரணமாக முடிவதையும், படகிலே வெயிலில் வாழும் ஏழைப் பெண்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லாததையும் ஒப்பிட்டு 1928-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதைப் பற்றிப் படித்தபோது நமது கண்ணாடி வராந்தாவும் ஒரு பர்தாவாகவே தோன்றிற்று. காச்மீரத்துப் பெண்களுக்குத் தாங்கள் அடைபட்டிருப்பதாவது தெரிந்திருக்கும். அத்தைக்கு அதுவும் தெரியவில்லை.

ஜீவசத்துக்களின் கதையில் நமது மலைக்கும் ஒரு பங்கு உண்டு. லவ்டேலிலிருந்து ரயிலேறிக் கேத்தி, அரவங்காடு, வெலிங்டன் எல்லாம் தாண்டினால் குன்னூர். அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் 1918-ல் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மக்காரிஸன் ஆகார ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஒவ்வொரு மாகாணத்து மக்களும் சாப்பிடும் சாப்பாட்டைத் தனித்தனியே எலிகளுக்குப் போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் காய்கறியும் தின்ற சீக்கியச் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. நமது சென்னை மாகாணத்துச் சாப்பாட்டு எலிகளோ கடைசி வரிசையில் சோனியாக நின்றன. தமிழர்களாகிய நமக்கு இது அவமானந்தான். ஆனால் எலிகளுக்கு மாகாண அபிமானம் கிடையாதே! 1928-ல் அந்த ஓர் அறை ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. மக்காரிஸனுக்குப் பின் வந்த அய்க்ராய்ட் நம் நாட்டு உணவுப் பொருள்களின் சத்துக் கணக்கை 1937-ல் வெளியிட்டார். 1958-ல் நிலையம் ஹைதராபாத்துக்குக் குடிபோய்விட்டது. இன்றைய கணக்குப்படி நூறு கிராம் தீட்டின அரிசியில் சுமார் பத்து மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறுக்கு மேலும் இருக்கின்றன. அத்தை கேழ்வரகைத் தொடமாட்டாள். "அது மாட்டுக்காரன் ஆகாரம்" என்பாள்.

முறிந்த எலும்பு சேர்வதில் இந்த 'டி' சத்துக்கு என்ன வேலை? டாக்டரம்மாள் கொத்தனார் உவமை ஒன்று சொல்லி விளக்கினார். எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. பிறகு குருத்தெலும்பும் நார்ப்பொருளும் கொண்ட மெத்தென்ற திரள் ஒன்று இரண்டு முனைகளையும் இணைக்கிறது. இதைச் சாரம் கட்டுவது என்று சொல்லலாம். அதன் பிறகு சாரத்தில் சுண்ணாம்பும் பாஸ்வரமும் படிந்து கெட்டியாக வேண்டும். கெட்டியான பின் பல மாதங்கள் செதுக்கிச் சீர்ப்படுத்தும் வேலை நடக்கும். அத்தையின் காலில் சாரம் கட்டியாகிவிட்டது. சுண்ணாம்பு வந்து சேரவில்லை. எக்ஸ்ரே படத்தில் சாரம் தெரியாது, சுண்ணாம்புதான் தெரியும்.

சுண்ணாம்பு ஏன் வரவில்லை? நாம் தினம் இரண்டு வேளை பாலும் தயிரும் கொடுத்து வந்தோமே? பாலிலுள்ள சுண்ணாம்பு குடலின் சுவரைத் தாண்டி ரத்தத்துக்கு வந்தாலல்லவா எலும்புக்குப் போகும்? அந்த வாசலைத் திறந்துவிடுவது வைட்டமின் டி. தோலில் பிறந்த அந்தப் பொருள் முதலில் கல்லீரலிலும், அப்புறம் மூத்திரப் பிண்டத்திலும் மாறுதல் அடைந்து, குடலுக்கு உத்தரவு போடும் நிலைக்கு வருகிறது. அது போதுமான அளவில் இருந்தால் சாப்பிட்ட சுண்ணாம்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உடம்பில் சேரும். இல்லாவிட்டால் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே அதிகம். ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. இருதயம் துடிப்பதற்கும் தசை இயங்குவதற்கும் அது வேண்டுமாதலால், நல்ல எலும்புகளிலிருந்து பெயர்த்தெடுத்துச் சரிக்கட்டுகிறது. வாசலில் மூட்டை வந்து இறங்கியும் கதவு திறக்காதபடியால், வீட்டுச் சுவரைச் சுரண்டி அடுப்பங்கரைக்குப் பூசுகிற மாதிரி. இரண்டு படி உயரத்தில் விழுந்த அத்தையின் கால் ஏன் முறிந்தது என்பதும் இப்போது விளங்கிற்று.

இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, டாக்டரம்மாள் சீட்டு எழுதிக் கொடுத்தார். சர்வதேச அளவையில் 60,000 யூனிட் கொண்ட வைட்டமின் டி தூள், வாரத்துக்கு ஒரு பொட்டலம் வீதம் எட்டு வாரம். சுண்ணாம்பு மாத்திரை தினந்தோறும். எட்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

இனி எழுதப் போவது நமக்குப் பெருமை தரும் விஷயமல்ல. கோயமுத்தூரிலுள்ள நமது மருமகப் பிள்ளை ஒரு பெட்டி நிறையப் பொட்டலங்களை வாங்கி அனுப்பிவிட்டான். பெட்டியைப் பார்த்ததும் நமக்கு ஒரு கணக்குத் தோன்றிற்று. வாரத்துக்கு ஒன்று எட்டு வாரத்தில் எலும்பைச் சேர்க்குமானால், நாளுக்கு ஒன்று எட்டே நாளில் அல்லவா சேர்க்கும்? டாக்டர்கள் ஜாக்கிரதைக்காகக் குறைத்து எழுதுவது வழக்கந்தானே? வைட்டமின் என்பது மருந்தா என்ன? ஆகாரச் சத்துத்தானே? ஆகாரம் அதிகமானால் என்ன கெட்டுப் போகும்? எட்டு நாளில் ஒன்றும் நடக்கவில்லை. அதற்காக நாம் பின்வாங்கவில்லை. நாட்டு வைத்தியத்தில் எதற்கும் ஒரு மண்டலம் என்பார்கள். ஒரு மண்டலம் சாப்பிடட்டும் என்று தீர்மானித்தோம். காலையில் பாலில் கலந்து நாமே நம் கையால் கொடுத்தோம். நம் மனைவி ஒரு தடவை, "சீட்டில் வாரத்துக்கு என்றல்லவா இருக்கிறது?" என்று கேட்டாள். "உனக்குத் தெரியாது" என்று பதில் சொன்னோம்.

ஐந்தாவது வாரத்தில் அத்தைக்குச் சாப்பாடு பிடிக்காமல் போயிற்று. பிறகு வாந்தி. தாகம் தாகமென்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். இரவில் நாலைந்து தடவை எழுந்தாள். மலம் கட்டிக்கொண்டது. படுத்துக்கொண்டே இருப்பதனால் இப்படி என்று நாம் சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஒரு நாள் மாலை நம்மைப் பார்த்து, காலமாகிவிட்ட அத்திம்பேரின் பெயரைச் சொல்லி அழைத்து, "காவேரியில் தண்ணீர் வந்துவிட்டதா?" என்று கேட்டாள். நாம் சிரித்தோம். அவள் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். அப்புறம் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவே வண்டி வைத்து மலையிறங்கிக் கோயமுத்தூருக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தபோது சுண்ணாம்பு பதின்மூன்றுக்கு மேல் இருந்தது. பத்தரையைத் தாண்டக் கூடாதாம். மூத்திரப் பிண்டங்கள் தளர்ந்துவிட்டன. "என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். நாம் எதையும் முறைப்படி செய்கிறவர்களாதலால், கிழித்த பொட்டலக் காகிதங்களையெல்லாம் கணக்குக்காக ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தோம். பையை நீட்டினோம். டாக்டர் அவற்றை மேஜைமேல் கொட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பத்தெட்டு. எட்டுப் பொட்டலத்தில் முடிய வேண்டிய சிகிச்சை. அதைப்போல் ஆறு பங்கு, ஏறக்குறைய இருபத்தொன்பது லட்சம் யூனிட், அந்தக் கிழவியின் உடம்பில் நம் கையாலேயே ஏற்றியிருந்தோம். டாக்டர் நம்மைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை என்று தோன்றிற்று.

வைட்டமின்களில் சில தண்ணீரில் கரைகிறவை. அவை அதிகமானால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். டி அப்படியல்ல. கொழுப்பில் கரைந்து உடம்பிலே தங்கி மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளிப்படும். அளவு மீறினால் வாசல் திறந்தது திறந்தபடியே கிடந்து, சுண்ணாம்பு வெள்ளமாகப் பாய்கிறது. எலும்பிலிருக்கும் சுண்ணாம்பும் கரைந்து அதோடு கலந்துகொள்ளும். மூத்திரப் பிண்டத்தில் கல்லாகவும் படியும். வெயிலினால் மட்டும் இந்த அபாயம் நேர்வதில்லை. அளவு மிஞ்சினால், தோலில் உண்டானதைச் சூரிய வெளிச்சமே மாற்றி அழித்துவிடுகிறது. பொட்டலத்துக்கு அந்தப் புத்தி கிடையாது. அதை வாங்கிய நமக்கும் இருக்கவில்லை.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினார்கள். சுண்ணாம்பு இறங்குவதற்கு வேறு மருந்துகளும் கொடுத்தார்கள். ஆறாம் நாள் அத்தை நம்மை நம் பெயரைச் சொல்லி அழைத்தாள். "ஏண்டா அப்பா, முகம் ஏன் இப்படி வாடியிருக்கிறது? சாப்பிட்டாயோ?" என்று கேட்டாள். நாம் வராந்தாவுக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

அங்கே ராத்திரிகளில் தூக்கமின்றிக் கிடந்தபோதும், பின்பு வீடு திரும்பியும், இந்த விஷயமாகக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். பொட்டலம் கொடுக்குமுன் படித்திருக்க வேண்டியது. ஆஸ்திரேலியாவில் எழுபது வயதுக்கு மேற்பட்ட 2,256 பெண்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக ஐந்து லட்சம் யூனிட் கொடுத்தார்கள். முடிவு 2010-ல் வெளிவந்தது. சத்தைச் சாப்பிட்டவர்களே அதிகமாக விழுந்தார்கள். எலும்பு முறிவும் அவர்களுக்கே அதிகம்! அமெரிக்காவில் சுமார் இருபத்தாறாயிரம் பேருக்கு நடந்த மற்றொரு பெரிய சோதனையில், ஒரு பகுதியாருக்குத் தினம் 2,000 யூனிட் வீதம் ஐந்து வருஷத்துக்கு மேல் கொடுத்தார்கள். முறிவுகள் குறையவில்லை என்று 2022-ல் அறிவித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே போதுமான சத்து உள்ளவர்கள். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் வழிவதைத் தவிர வேறென்ன ஆகும்? டென்மார்க்கில் தோள் எலும்பு முறிந்த முப்பது பெண்களில் சிலருக்குத் தினம் 800 யூனிட்டும் சுண்ணாம்பும் கொடுத்துப் பார்த்ததில், ஆறாவது வாரத்தில் அவர்களுடைய புது எலும்பில் சற்று அதிகச் சுண்ணாம்பு படிந்திருந்ததாம். இந்தச் சிறு சோதனையை வைத்துக்கொண்டு, எலும்பை விரட்டி விரட்டிச் சேர வைக்கும் சாட்டை இது என்று சொல்லிவிட முடியாது. இல்லாதவருக்கு இல்லாமையைத் தீர்க்கும். அதற்குமேல் நாளைக் குறைக்காது. டாக்டரம்மாள் ஆதியில் சொன்னதும் இதுவே. நாம் அவருடைய சீட்டை வாங்கிக்கொண்டு வார்த்தையை விட்டுவிட்டு வந்தோம்.

படித்ததில் நம்மை மிகவும் ஆச்சரியப்படுத்தியது திருப்பதிச் செய்தி. வெயிலுக்குப் பஞ்சமில்லாத அந்தப் பிரதேசத்து மக்களை டாக்டர் ஹரிநாராயணும் அவருடைய சகாக்களும் பரிசோதித்து, பலருக்கு இந்தச் சத்துக் குறைவு என்று 2007-ல் எழுதினார்கள். ஆகாரத்தில் சுண்ணாம்பும் போதவில்லை. ஆகவே லவ்டேல் மூடுபனியை மட்டும் நொந்து பயனில்லை. உண்மையில் மலைமேல் வெயில் சமவெளியை விடக் காரமானது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஊதா கடந்த கிரணங்கள் பத்தில் ஒரு பங்கு போல் கூடுகின்றன. 7,000 அடிக்கு மேலுள்ள நமது லவ்டேலில், பனி விலகிய வேளைகளில், ஐந்தில் ஒரு பங்கு அதிகம். எதிர்ச் சரிவில் தேயிலை பறிக்கும் பெண்களுக்கு அது தாராளமாகக் கிடைக்கிறது. நாம் சால்வைக்குள்ளிருந்தும் கண்ணாடிக்குள்ளிருந்தும் அதை வேடிக்கை பார்க்கிறோம்.

இன்னொரு பிசகையும் சொல்லிவிடுகிறோம். காலை இளவெயிலே எலும்புக்கு நல்லது என்று நம்மவர்கள் சொல்லுவார்கள். நாமும் பலருக்குச் சொல்லியிருக்கிறோம். சூரியன் தாழ்ந்திருக்கும்போது வேண்டிய கிரணங்கள் காற்று மண்டலத்திலேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடுகின்றன. அதே ஹரிநாராயண் குழுவினர் கண்ணாடிக் குழல்களில் தோலிலுள்ள அந்தக் கொழுப்புப் பொருளை வைத்து வெயிலில் காட்டிச் சோதித்தபோது, பகல் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரையில்தான் சத்து நன்றாக உண்டாவதைக் கண்டார்கள். அதாவது, அத்தை கும்பகோணத்தில் வடாம் காயவைத்த அதே வேளை! நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம். தோல் சிவந்து எரியும் வரையில் நிற்கவேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. கறுத்த மேனிக்கு மட்டும் வெளுத்த மேனியைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

வீடு திரும்பியபின் மூன்று மாதம் வரை அத்தைக்கு டி சத்து எந்த ரூபத்திலும் கொடுக்கக் கூடாது, சுண்ணாம்பு மாத்திரையும் கூடாது, வெயிலிலும் அதிகம் உட்காரக் கூடாது என்று உத்தரவு. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முறிவு நேர்ந்த ஒன்பதாவது மாதம் எடுத்த படத்தில் எலும்பு சேர்ந்திருந்தது. முறிவுக் கோட்டின் மேல் வெள்ளையாக ஒரு திரள், மரக்கிளையில் வெட்டுப்பட்ட இடம் புடைத்திருக்குமே, அதுபோல. எது சேர்த்தது? தேக்கி வைத்திருந்த டி சத்தா, பாலா, அத்தை கைத்தடி ஊன்றி நடக்கத் தொடங்கியதா, வெறும் காலமா என்று டாக்டரம்மாளைக் கேட்டோம். "நாற்பத்தெட்டுப் பொட்டலந்தான் சேர்த்தது என்று மாத்திரம் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்றார். சேர்த்தது எதுவானாலும், மூத்திரப் பிண்டங்கள் பழைய நிலைக்கு முழுவதும் வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதித்து வருகிறோம். அந்தச் சீட்டுக்களை ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறோம்.

ரத்தத்தில் சத்து வழக்கமான அளவுக்கு இறங்கியபின் டாக்டரம்மாள் அத்தையை வெளியே உட்காரச் சொன்னார். "சும்மா எப்படி வெயிலில் உட்காருவது? பைத்தியம் என்பார்கள்" என்று அத்தை மறுத்தாள். சென்ற பங்குனியில் ஒரு நாள் நாம் குன்னூர் போய்த் திரும்பி வந்தபோது, வாசலில் பழைய வேஷ்டி விரித்து, வரிசை வரிசையாக வடாம் பிழிந்திருந்தது. பக்கத்தில் முக்காலியில் அத்தை, சால்வையைக் களைந்துவிட்டு, கையில் கோலுடன் அமர்ந்திருந்தாள். லவ்டேல் காக்கைகள் வடாம் கண்டறியாதவை. சந்தேகத்துடன் தூரத்திலேயே நின்றன. ஒரு மணிக்கெல்லாம் கேத்திப் பக்கமிருந்து பனி ஏறி வந்தது. வேஷ்டியைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனோம். மறுநாள் விரித்தோம், மறுபடியும் சுருட்டினோம். கும்பகோணத்தில் இரண்டு நாளில் காய்கிற வடாம் இங்கே ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. பொரித்தபோது சற்றுப் புளித்த வாடை வந்தது. நாம் ஒன்றும் சொல்லாமல் இன்னும் இரண்டு போடச் சொன்னோம்.